மாறு

எழுத்து அழகாயிருக்கிறதென்று
டயர் கடையில் பில் போடுகிற என் கையில்
பலகையைக் கொடுத்திருந்தார்கள்.
மூங்கில் பிடி, இரண்டு சாக்பீஸ்,
துடைக்க ஒரு பழைய பனியன்.

வாடல் நோயில் இருநூறு தென்னை வெட்டிய தோப்பு.
வேர்க்கட்டையைப் பிடுங்கி, மண்ணைக் குவித்து
நாலு வளைவு, இரண்டு மேடு.
வேலிக்கு அந்தப்புறம் கேரளா.
அங்கிருந்து வருகிற ஆடிக்காற்று
புழுதியை எங்கள் பக்கமே கொட்டும்.
தண்ணீர் லாரி நனைத்துவிட்டுப் போன ஈரம்
இரண்டு சுற்றுக்குக்கூட நிற்காது.

பத்துச் சுற்று. எட்டு முடிந்தது.
நாற்பத்தொன்று முன்னால்: கொல்லங்கோட்டு ஜிதேஷ்.
பதினாறு பின்னால்: எங்கள் ஊர் நவநீதன்.
இரண்டு வண்டியும் எங்களுடையவை,
இரண்டு முதுகிலும் கிட்டுசாமி கொப்பரை மண்டி.
மூன்றாவது ஆள் எங்கோ புழுதிக்குள்.

கிட்டுசாமி காதோடு குனிந்தார்.
"நவநீதனுக்கு அஞ்சு புள்ளி வேணும், வருசப் பட்டத்துக்கு.
மாறுன்னு எழுதும்மா."

எழுதினேன். பிறகுதான் உறைத்தது:
ஜிதேஷுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.
எச்சில் தொட்டு அழித்துவிட்டு
மேலே 16, கீழே 41.
நடுவில் ஒரு அம்பு போட்டேன்,
தூண்டில் முள் மாதிரி வந்தது.

அவருக்குப் பொறுக்கவில்லை.
கயிற்றுக்கு மேல் எக்கி நின்று
"மாறு! மாறு!" என்று கத்தினார்.

எங்களுக்கு அது இடம் மாற்றிக்கொள்வது.
இருவர் சேர்ந்து செய்கிற காரியம்,
மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில்
விரல் பிடித்து விலை பேசுவது போல.
வேலிக்கு அந்தப்புறம் அதே சொல்லுக்கு
விலகு என்று அர்த்தம்.
பஸ் படியில், கோயில் நடையில்,
பின்னால் யானை வருகிறபோது சொல்வது.
ஒருவன் மட்டும் செய்ய வேண்டியது.

ஒன்பதாவது சுற்றில் பலகைப் பக்கம் தலை திரும்பியது.
ஹெல்மெட் கண்ணாடி முழுக்கச் சேறு.
பார்க்கவில்லை என்று அவன் சொல்லிக்கொள்ளலாம்.
அதற்காகத்தான் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேனா
என்று இப்போது கேட்டால் தெரியாது.

கடைசிச் சுற்று, மூன்றாம் வளைவு.
பிடுங்க வராமல் விட்ட ஒற்றை வேர்க்கட்டையருகே
நாற்பத்தொன்றின் சத்தம் அரை நொடி தாழ்ந்தது,
மாவு மில்லில் கரண்ட் குறைந்த மாதிரி.
பின்சக்கரம் வெளியே அகன்றது.
உள்பக்கம் ஒரு ஆள் அளவு வழி.
பதினாறு நுழைந்தது.

"ஐயோ, தவறவிட்டார் ஜிதேஷ்!" என்றது மைக்.
அவனுக்காக டெம்போ பிடித்து வந்த முப்பது பேர்
செருப்பைக் கழற்றி ஆட்டினார்கள்,
அவனைப் பார்த்துத்தான்.
ஒன்பது சுற்றும் அதே வளைவில்
தையல் மிஷின் ஊசியாய்ப் போனவன்.

மேடையில் நவநீதன் கோப்பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
ஜிதேஷை முதல் படிக்கு இழுத்தான்.
அவன் ஏறவில்லை.
போட்டோவில் ஒரு கை மட்டும்
கீழ்நோக்கி நீண்டு நிற்கிறது.

வண்டிகளை லாரியில் ஏற்றும்போது கேட்டேன்,
அவர் கத்தியது கேட்டதா என்று.
கண்ணைச் சுற்றி மட்டும் முகம், மீதி செம்மண்.
நெஞ்சைத் தட்டிக் காட்டினான்.
"எங்க பாஷையில இதுக்கும் மாறுன்னுதான் பேரு, சேச்சி.
எதைச் சொல்றார்னு
ஒரு சுத்து யோசிச்சேன்."

கிட்டுசாமி ஆளுக்கொரு கவர் கொடுத்தார்.
அவனுடையதுதான் கனம்.
எண்ணாமல் கையுறைக்குள் திணித்தான்.

அவனை இறக்கிவிட அந்தப்பக்கம் போகையில்
கோவிந்தாபுரம் சாவடியில் ஒரு போலீஸ்காரர்
டார்ச் அடித்து, சிரித்துக்கொண்டே,
எது ஜெயித்த வண்டி என்று கேட்டார்.
இரண்டிலும் ஒரே மண், எண்ணே தெரியவில்லை.
ஜிதேஷ் தூங்குவது போலிருந்தான்.
டிரைவர் என்னைப் பார்த்தார்.
பலகை என் மடியில், இன்னும் துடைக்காமல்.
கவிழ்த்து வைத்தேன்.