உபரி எழுத்துகள்

எங்கள் மொழியில் ஓர் எழுத்து உண்டு.
எட் என்று பெயர்.
வளைந்த முதுகு, பின்னால் சாய்ந்த கழுத்து,
கழுத்தின் குறுக்கே ஒரு சின்னக் கோடு.
மெய்யெழுத்துதான்.
ஆனால் மெய்யாக அதை யாரும் உச்சரிப்பதில்லை.
எழுதினால் அப்பாவில் இருக்கிறது, அம்மாவில் இருக்கிறது,
வானிலையில், நல்லதில்.
வாயைத் திறந்தால் எங்கும் இல்லை.

ஃபாரோ தீவுகளின் தென்கோடி.
மழை பக்கவாட்டில் பெய்யும் ஊர்.
மூன்றாம் வகுப்பில் பதினொரு பேர்,
செவ்வாய்தோறும் சொல்வதெழுதல்.
ஹானுஸ் பென்சிலை மீன் கத்தியாகப் பிடிப்பான்.
யோஹில்டின் எழுத்துகள் எல்லாம்
ஜன்னல் திறந்திருப்பதுபோல் ஒரே பக்கம் சாயும்.
எய்யுனுக்கு முத்து முத்தான கையெழுத்து,
எட் மட்டும் ஒன்றுகூட இருக்காது.

"சுன்வா, யாரும் சொல்லாத எழுத்தை
எதுக்கு எழுதணும்?"

பதினாறு வருடமாக வகுப்பெடுக்கிறேன்,
பதில் கைவசம் இருந்தது.
ஒரு காலத்தில் அது ஒலித்தது என்றேன்.
"இப்ப?"
இப்போது இல்லை.
அவன் யோசித்துவிட்டுத்
தன் ரப்பரை என்னிடம் நீட்டினான்.

அடுத்த திங்கள் அவன் வரவில்லை, கடிதம் வந்தது.
மீன் ஆலையின் ஷிப்டு அட்டவணை,
அதன் முதுகில் நீல மை.
அவன் அம்மா எர்லிண்டா
பிலிப்பைன்ஸிலிருந்து இங்கே மணமுடித்து வந்தவள்.
வெட்டுமேசை இரைச்சலுக்கு நடுவே
காதாலேயே எங்கள் மொழியைப் பிடித்தவள்.
காது கொடுத்ததைக் கை எழுதியிருந்தது:
காய்ச்சல், வானிலையும் சரியில்லை,
நாளை நல்லபடியாக வருவான்.

சிவப்பு மை பிள்ளைகளைப் புண்படுத்துமாம்,
பச்சையில் திருத்தச் சொல்லிச் சுற்றறிக்கை.
என் பச்சைப் பேனா
என்னைக் கேட்காமலே மூன்று வட்டம் போட்டது.
வானிலையில் ஒன்று. நல்லதில் ஒன்று.
மூன்றாவது,
பெற்ற பிள்ளையின் பெயரில்.

அப்புறம்தான் உறைத்தது.
பச்சையோ சிவப்போ, வட்டம் வட்டம்தான்.
வருகைப் பதிவேட்டுக்குள் அதைச் செருகிவிட்டு
மறந்துபோனேன்.
புதன்கிழமை பதிவேடு தூக்கும் முறை யாருடையது
என்பதையும் மறந்துபோனேன்.

அவன் ஒன்றும் கேட்கவில்லை.
வியாழன் காலை வீட்டுப்பாட நோட்டில்
பத்துச் சொல் இருக்கவேண்டிய இடத்தில்
பக்கம் முழுக்க எட்.
வரிசை வரிசையாக எட்.
எண்ணினேன், இருநூற்றுப் பன்னிரண்டு.
முதல் வரிசையில் கோடுகள் கோபமாகக் கிழித்திருந்தன,
நாலாம் வரிசைக்கு மேல்
கை பழகிவிட்டது, அழகாகவே விழுந்திருந்தன.
கீழே ஒரு வாக்கியம்:
இவை அம்மாவுக்கு. எங்கே வேண்டுமோ
அங்கே போட்டுக்கொள்ளட்டும்.

அம்மா என்ற சொல்லில் எட் அதனிடத்தில் இருந்தது.
அடியில் போட்ட தன் பெயரில் இல்லை.

"இது?" என்று விரல் வைத்தேன்.
"அது தப்பில்ல.
அம்மா கூப்பிடற மாதிரி."

பேனாவின் மூடியைத் திறந்தேன், மூடினேன்.
எத்தனை மார்க் என்று ஹானுஸ் பின்னாலிருந்து கேட்டான்.

சாயங்காலம் ஆலை வாசலில் நின்றேன்,
வழி நெடுக மன்னிப்பை ஒத்திகை பார்த்தபடி.
எர்லிண்டா வந்தாள்.
கையுறையில் செதில்கள், கன்னத்திலும் ஒன்று.
"எந்தக் கடிதம்?" என்றாள்.
அவன் சொல்லவே இல்லை.
சொன்னது நான்தான்.
மழையில் நின்று, பச்சை வட்டங்கள் உட்பட,
என் குட்டை நானே உடைத்தேன்.

அவள் தாளை வாங்கினாள்,
வெளிச்சத்தில் பிடித்தாள்,
உதடு அசைய முதல் வரியிலிருந்து படித்தாள்.
"மூணே மூணுதானா?" என்றாள்.
முகத்தில் அப்படியொரு பெருமை.

மகன் எழுதிய பக்கத்தையும் கொடுத்தேன்.
நாலாக மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்தாள்.
"இருக்கட்டும்.
வருஷக்கணக்கா வரும்."