சோதனைப் பெட்டி

வால்டிவியாவில் மழை ஏப்ரலில் வந்து உட்கார்ந்தால்
அக்டோபரில்தான் எழுந்து போகும்.
ஆற்றோரத் தெருவில் காத்ரிலெஃப் விறகடுப்புக் கடை.
மூன்று கணினி, காட்சிக்கு ஓர் அடுப்பு,
அதன்மேல் எந்நேரமும் ஒரு கெட்டில்.

"ஊரே எங்களோடு பேச்சை முறித்துக்கொண்டது"
என்றார் எலெயுதேரியோ.
"விலை எழுதி அனுப்புகிறோம். பதிலில்லை.
புகைபோக்கி துடைக்க எந்த நாள் வரட்டும் என்கிறோம்.
பதிலில்லை.
சந்தையில் பார்த்தால் முகத்தைத் திருப்புகிறார்கள்.
நான் யாருக்கு என்ன செய்துவிட்டேன்?"

கணக்கெழுதும் யாஸ்னா தலை தூக்கவில்லை.

ஈரக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு
எனக்கொரு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன்.
வந்தது. அனுப்பியவர் பெயர் சரி, முகவரி சரி.
பதில் பொத்தானை அழுத்தினேன்.
பெறுநர் கட்டத்தில் முளைத்தது வேறொரு முகவரி:
'ப்ருவேபா' என்று தொடங்கியது.
அவர்கள் மொழியில் சோதனை.

கடிதம் கிளம்பும் வாசலைத்தான் எல்லோரும் பார்க்கிறோம்.
திரும்பி வரும் வாசலை
பதில் போடுகிற கை மட்டும் நம்பிப் போகிறது.

யாஸ்னாவின் கணினியைத் திறந்தேன்.
அமைப்புகள். கணக்கு. பெயர். முகவரி.
அதற்கும் கீழே, பதில் முகவரி:
காலியாக இருக்க வேண்டிய கட்டம்.
காலியாக இல்லை.
அடுத்த கணினியிலும் இல்லை. மூன்றாவதிலும்.
ஒரே முகவரி, ஒரே கை.

அது யார் கை என்று அப்போதே தெரிந்துவிட்டது.
போன வருடம் ஜூலை. இதே நாற்காலி.
அஞ்சல் போய்த் திரும்புகிறதா என்று பார்க்க
ஒரு பெட்டி திறந்து, அதன் முகவரியை இங்கே எழுதி,
"ஓடுகிறது" என்று சொல்லி,
எண்ணெய் சொட்டும் பூசணி ரொட்டி இரண்டு தின்று,
கூலி வாங்கி,
நியெப்லாவுக்குக் கடைசிப் பேருந்து பிடித்தவன் நான்.

கடவுச்சொல் என் பூனையின் பெயர், இரண்டு முறை.
பெட்டி திறந்தது.
அறுநூற்றுப் பன்னிரண்டு. ஒன்றையும் யாரும் படிக்கவில்லை.

"ஆகட்டும், செவ்வாய்க்கிழமை வாருங்கள்."
"செவ்வாய் முழுக்கக் காத்திருந்தேன்."
"கதவு மூடவில்லை, வீடெல்லாம் புகை,
குழந்தைக்கு இருமல்."
"மூன்றாவது முறையாக எழுதுகிறேன்."
ஒருத்தி வெறும் படம் அனுப்பியிருந்தாள்:
அணைந்த அடுப்பு,
முன்னால் காயாத கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி.

யாஸ்னா பெயருக்கும் ஒன்று இருந்தது, ஒசோர்னோவிலிருந்து,
கடை விஷயமில்லை. நான் திறக்கவில்லை.
தலைப்பு மட்டும் கண்ணில் பட்டுவிட்டது:
"சரி, எனக்கும் சம்மதம்."
தேதி நவம்பர்.
இப்போது ஆகஸ்ட்.

மூன்று கட்டங்களையும் காலி செய்தேன்.
ஒரு நிமிட வேலை.
நாற்காலியிலிருந்து எழத்தான் நேரமாயிற்று.

"யார் செய்த வேலை?"
கெட்டில் மூடி தடதடத்தது.
நான்தான் என்றேன்.

திட்டுவார் என்றிருந்தேன்.
எலெயுதேரியோ வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார்.
"அப்படியென்றால் டோன்யா ஹெர்மிந்தா
என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் கடப்பதில்
நியாயம் இருக்கிறது" என்றார்,
பழைய கடன் ஒன்று தீர்ந்தவர் போல.

யாஸ்னா தன் கடிதத்தை நின்றபடியே படித்தாள்.
குடை எடுக்காமல் வெளியே போனாள்.
கால்மணி கழித்துத் தலை சொட்டச் சொட்ட வந்து
விட்ட இடத்திலிருந்து கணக்கை எழுதினாள்.
நானும் கேட்கவில்லை.

அத்தனை பேருக்கும் மன்னிப்பை
நான்தான் தட்டச்சு செய்தேன். கூலி பேசவில்லை.
ஆறு மணிக்கு அனுப்பினோம்.
விறகு இறக்க வந்த ருபெர்தோவும் சேர்ந்து
நாலு பேர் திரையைச் சுற்றி நின்றோம்.

ஆறு மூன்றுக்கு முதல் பதில் விழுந்தது:
"விடுமுறையில் இருக்கிறேன்.
திங்களன்று தொடர்புகொள்கிறேன்.
இது தானியங்கிச் செய்தி."

எலெயுதேரியோ அதை
அச்செடுக்கச் சொன்னார்.