வலப்பக்கம்

ஆறு உண்டு தண்ணீர் இல்லை,
கோட்டை உண்டு ராஜா இல்லை
என்று தன்னையே கேலி பேசும் ஊர்.
இன்றைக்கு ஒன்று கூடிற்று:
மவுஸ் உண்டு, வலப்பக்கம் இல்லை.

தோட்டப்பாளையத்தில் என் ஜெராக்ஸ் கடை.
நிமாய் மண்டல் மால்டாவிலிருந்து வந்தவர்.
மனைவி எதிர் லாட்ஜில், மூன்றாம் மாடி. கிட்னி.
அவருக்குத் தமிழ் வராது, எனக்கு வங்காளம்.
நடுவே, என்ன சாப்பிடலாம் என்று
திரையில் ஒரு பக்கம்.

வரிகளை நீலமாக்கி வலது க்ளிக் செய்தேன்.
‘நகலெடுக்க அனுமதி இல்லை’
குதித்தது ஒரு பெட்டி.
மூன்று முறை குதித்தது.
யார் திருடப் போகிறார்கள்,
ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்பதை?

பேனாவை எடுத்துவிட்டார்,
தெரியாத எழுத்தைப் படமாக வரைந்துகொள்ள.
‘இருங்க.’
ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து
இடது சுண்டுவிரலால் ஷிஃப்டை அமுக்கியபடி
மறுபடி வலது க்ளிக்.
பெட்டி வரவில்லை.
மெனு விழுந்தது, ஒன்றும் நடக்காததுபோல.

கொடியில் காயும் துணியாக
மேல்கோட்டில் தொங்கும் அவர் எழுத்துகள்.
விரல் வைத்துப் படித்தார்.
இளநீர் கூடாது. வாழைப்பழம் கூடாது. தக்காளி
முகம் சுருங்கிக்கொண்டே போனது.
நறுக்கி, ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு என்ற இடத்தில்
விரல் நின்றது.

‘ஆலு?’

எனக்குத் தெரிந்த ஒரே வங்காளச் சொல்.
ஆலு, என்றேன்.
கொஞ்சம், என்பதைக்
கட்டைவிரல் நுனியில் காட்டினேன்.