நூறு மீட்டர்

மத்தூர் பக்கம் மதுக்கடை மாற்றக் கேட்ட மனுவின் மேல்
நாலாம் முறை அளக்கப் போனேன்,
ஜூன் மாதம், பகல் பன்னிரண்டு மணி.
கடை திறப்பதும் அதே நேரம்தான்.

விதி எளிது.
பள்ளிக்கும் கோயிலுக்கும் நூறு மீட்டருக்குள் கூடாது.
நகராட்சி என்றால் ஐம்பது போதும்;
நகரத்துப் பிள்ளைகளுக்குக் கண் கொஞ்சம் மங்கல் போல.
வாசலுக்கு வாசல்,
ஆள் நடக்கும் வழியில் அளக்க வேண்டும்.
வேலி தாண்டி ஆடு போகும் வழி கணக்கில் வராது.

முதல் தடவை தொண்ணூற்றாறு.
மறுவாரமே சூப்பர்வைசர் முனிராஜ்
முன்வாசலைச் செங்கல் வைத்து அடைத்து
மாந்தோப்புப் பக்கம் ஷட்டர் போட்டார்.
நூற்றி நான்கு.
தலைமையாசிரியை வசந்தகோகிலம் சும்மா இருப்பாரா?
மூலைச் சுவரை இடித்து
ஓர் ஆள் நுழைய ஒரு திட்டிவாசல்.
தொண்ணூற்றொன்று.
உடனே கடை முன்னால் தகரச் சந்து முளைத்தது,
இடம், வலம், மறுபடி இடம்,
திருவிழாவில் கூட்டத்துக்குக் கட்டுவது போல.
குடிக்கிறவனுக்கு உள்ளே போகும்போதே
தலை சுற்றத் தொடங்கியது.

நடுவில் யாரோ வேப்பமரத்தடியில்
ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி நட்டிருந்தார்கள்.
வழிபாட்டுத் தலமா, என்று தாசில்தாரைக் கேட்டேன்.
பதிவு இருக்கிறதா கேள், என்றார்.
கல்லிடம் எப்படிக் கேட்பது?
ஓர் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்தேன்.
பயணப்படியில் அதை எழுதவில்லை.

இன்று
செயின்மேன் திம்மராயன் திட்டிவாசலில் முனை பிடிக்க
நாடாவை வைத்து வைத்து நகர்ந்தோம்.
கூழ் ஆலையிலிருந்து மாங்கொட்டைப் புளிப்பு
காற்றே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

எண்பத்தெட்டாவது மீட்டரில் சென்னப்பன் படுத்திருந்தார்.
சந்தின் இரண்டாம் திருப்பத்தில், குறுக்காக.
ஒரு செருப்பு காலில், இன்னொன்று தலைக்கடியில்.
ஆலையில் லாரி ஏற்றுகிறவர்;
மாம்பால் பட்டுக் கை கறுத்திருந்தது.
நேற்றைய குடியா, இன்றையதா
எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை.

அவர் மேலாக நேரே இழுத்தால்
தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு.
கடை போக வேண்டும்.
அவரைச் சுற்றி வைத்தால்
நூறு புள்ளி ஒன்று.
கடை இருக்கலாம்.

"சுத்தித்தான் மேடம் அளக்கணும்," என்றார் முனிராஜ்.
"நடக்கிற வழின்னா அதானே?
படுத்திருக்கிறவனை மிதிச்சிட்டா போவாங்க?
மனுஷன் இல்லையா அவன்?"
நாலு முறை வந்ததில் அந்தக் கடையில் கேட்ட
ஒரே இரக்கமான பேச்சு.

"அவர் என்ன கட்டடமா? எழுந்துடுவார்,"
என்றார் வசந்தகோகிலம்.
எல்லோரும் காத்திருந்தோம்.
எழவில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது.
எட்டாம் வகுப்பு இருக்கும், ஒரு பெண்
கையில் தட்டோடு திட்டிவாசல் வழியாக வந்தாள்.
நாடாவை மிதிக்கவில்லை, எங்களைப் பார்க்கவுமில்லை.
"நைனா."
இன்னொரு முறை, மெதுவாக, "நைனா."
தலைக்கடியில் இருந்த செருப்பை உருவிக் காலில் மாட்டினாள்.
தட்டிலிருந்த முட்டையை எடுத்து
அவர் சட்டைப் பையில் வைத்தாள்.
பை கிழிந்திருந்தது. எடுத்து மற்ற பையில் வைத்தாள்.
வந்த வழியே போனாள்.
வசந்தகோகிலம் தன் செல்போனை
எதற்கோ துழாவிக்கொண்டிருந்தார்.

"மேடம், நேரா இழுக்கவா, வளைக்கவா?"
திம்மராயன் அங்கிருந்து கத்தினான்.

எஃகு வெயிலில் நீளும்.
நாடா நீண்டால் தூரம் குறையும்.
பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது,
கழித்துக் கூட்டி நேர்செய்ய அட்டவணையும் உண்டு.
முழு வெயிலும் சேர்ந்தாலும்
இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் தரும்.
பத்துக்கு அது எட்டாது, எனக்குத் தெரியும்.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
"இருப்பா," என்றேன்,
"கொஞ்சம் சூடேறட்டும்."