ஏசி சரியாகிவிட்டது

ஷுவைக்கில் முப்பத்தைந்து தினார்.
"இனி ஐஸ்பெட்டிதான்" என்றான் பெரோஸ்கான்,
கை துடைத்த கந்தலால்
என் ஸ்டியரிங்கையும் துடைத்தபடி.

பொய்யில்லை. விரல் மரத்தது.
நாலாவது ரிங்ரோட்டில் ஏறும்போதுதான்
என் பக்கத்துக் கண்ணாடி
தானாக இறங்கியது.
ஏறமாட்டேன் என்றது.

போன் போட்டேன்.
"அது வேற கம்ப்ளைண்ட் பாய்,
சனிக்கிழமை வாங்க."
இன்று திங்கள். ஆகஸ்ட்.
மாலை ஆறுக்கும் நாற்பத்தாறு டிகிரி.

ஹவல்லி சிக்னலில் சிவப்பு.
சாப்பாட்டுப் பெட்டி கட்டிய பைக் ஒன்று
உரசுவதுபோல் வந்து நின்றது.
என் முப்பத்தைந்து தினார்
ஜன்னல் வழியே கொட்டிக்கொண்டிருந்தது.

அவன் ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தினான்.
என்னைப் பார்க்கவில்லை.
கழுத்தை மட்டும்
கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்த்தான்.

பச்சை விழுந்து
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.
நான் இன்னும் கியர் போடவில்லை.