எழுவான்கரைக்கு எட்டு நிமிடம்

அம்பிளாந்துறையில் பாதை ஏறினால்
எட்டு நிமிடத்தில் குருக்கள்மடம்.
அதை விட்டுவிட்டு
ஆறு நீலப் பீப்பாய், பதினொரு மூங்கில்,
மாடு கட்டுகிற கயிறு இரண்டு கட்டு,
இவற்றோடு ஆறு பேர்
வாவியைக் கடக்கப் போனதற்கு
கழகக் குறிப்பேட்டில் நான் எழுதிய காரணம்:
'தலைமைத்துவப் பயிற்சி.'

உண்மைக் காரணம் லோகிதராசா.
போன மாதம் குடும்பிமலைக்குக் கூட்டிப்போய்
பாதி ஏற்றத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு
"எங்கட கழகத்துக்கு மலை சரிவராது,
தண்ணிதான் சரி" என்று அறிவித்தவன்.

கச்சான் அடிக்கும், தெப்பம் தானாகப் போகும்,
துடுப்பு சும்மா அழகுக்கு.
இது திட்டம்.
றுஸ்னி மட்டும் கேட்டான்:
"கச்சானுக்கு ஆரு அறிவிச்ச?"

முடிச்சுப் போட ஒரு மணி நேர வாக்குவாதம்.
கோகுலவாணி பயிற்சிப் புத்தகம் திறந்து
பதினான்காம் படத்தைக் காட்டினாள்.
படத்துக் கயிற்றுக்கு முனை இரண்டு.
எங்கள் கயிற்றுக்கு எப்படியோ மூன்று.
கடைசிப் பீப்பாயில்
பீப்பாய்ப் பக்கம் நான் கட்டினேன்,
மூங்கில் பக்கம் லோகிதராசா.
இதை இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன்,
மறுகா தேவைப்படும்.

தள்ளினோம். மிதந்தது!
கரையில் படுத்திருந்த நாய்கூட எழும்பிப் பார்த்தது.
டெரன்ஸ் ஓக்கர்ஸ் தொப்பியைக் கழற்றிச் சுற்றினான்.
முதல் இழப்பு அது.

நடு வாவியில் காற்று கிறுகியது.
கச்சான் இல்லை, கடல் பக்கத்துக் காற்று.
குருக்கள்மடம் எங்களைப் பார்த்தபடியே
பின்வாங்கத் தொடங்கியது.
இடப்பக்கம் மூன்று பேர், வலப்பக்கம் மூன்று பேர்,
ஒன்று இரண்டு ஒன்று இரண்டு;
எண்ணிக்கை சரி,
எண்ணியவர்தான் ஆறு பேர்.
கலியாண வீட்டில் படம் எடுக்கிறவன் போல
தெப்பம் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

பாதை எங்களைக் கடந்து போனது.
திரும்பி வந்தது. மறுபடி போனது.
முதல் தரம் கை காட்டினார்கள்.
இரண்டாம் தரம் பாண் வேணுமா என்றார்கள்.
மூன்றாம் தரம் மோட்டார்சைக்கிளில் இருந்தபடியே ஒருவர்:
"தம்பிமாரே, நான் களுவாஞ்சிக்குடிக்குப் போய்
கண்ணாடியும் மாத்திக்கொண்டு வந்திட்டன்,
நீங்க இன்னும் இஞ்சதானா?"
நாலாம் தரம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் வெட்கம்.

அப்போதுதான் கடைசிப் பீப்பாய்
சாப்பிட்டு முடித்த விருந்தாளி மாதிரி
மரியாதையாகக் கழன்று போனது.
லோகிதராசா நின்ற மூலை தாழ்ந்தது.
"பயப்படாதீங்க" என்றான்.
'பயப்ப' வரை தண்ணீருக்கு மேல்,
மிச்சம் குமிழி.

மூங்கில் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்.
நீந்தத் தெரிந்த ஐந்து பேரும்
கூச்சல் போட்டுக்கொண்டு நீந்தினோம்.
நீந்தத் தெரியாத பிரணவரூபன்
எழும்பி நின்றான்.

இடுப்பளவுத் தண்ணி.

"நடந்தே வந்திருக்கலாம்" என்றான்,
சாந்தமாக, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

சேற்றில் இரண்டு செருப்பைக் கொடுத்து
ஏறிய கரை எழுவான்கரை இல்லை.
புறப்பட்ட இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே,
அதே படுவான்கரை.
அதே நாய் வந்து மணந்து பார்த்தது.

பிறகு என்ன,
சொட்டச் சொட்டப் பாதையில் ஏறினோம்.
எட்டு நிமிடம்.
நடுவில் கோகுலவாணி புத்தகத்தைப் பிழிந்தாள்;
பதினான்காம் படம்
அவள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.
அவள் சிரிக்கத் தொடங்கினாள்,
எங்களால் நிறுத்த முடியவில்லை,
பாதையில் நின்ற ஆட்டுக்குட்டி வரைக்கும் போனது சிரிப்பு.

விசாரணைக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை.
'முடிச்சு அவிழ்ந்தது, பொறுப்பு: செயலாளர்.'
என் பெயரை என் கையாலேயே எழுதினேன்.
மை காயவில்லை, லோகிதராசாவின் போன் அடித்தது.
பெரியபோரதீவில் இருந்து ஒரு ஆள்:
"உங்கட நம்பர் எழுதின பீப்பா ஒண்டு
இஞ்ச வந்து நிக்குது.
எடுத்துக்கொண்டு போங்க.
ஆனா இதில கிடக்கிற முடிச்சு ஆரு போட்ட?
நாலு பேர் இழுத்தும்
அவிழ்க்கேலாமக் கிடக்கு."

போன்
ஸ்பீக்கரில் இருந்தது.