காரீயம்

செரோ போகும் சாலையில்
செம்பனை மறுநடவுக்கு மேட்டை வெட்டியிருந்தார்கள்.
இரவு மழை கழுவிய வெட்டில்
பாம்பு முதுகு போலப் பச்சைப் பாறை.
கடலடியில் கிடந்தது.
அந்தக் கடல் இன்று இல்லை.

இரண்டு கண்டங்கள் இங்கேதான் முட்டின என்றேன்.
ஆண்டியப்பன் லாரியை அணைக்காமல் எட்டிப் பார்த்தார்.
"எங்க? கோட்டக் காட்டும்மா."

கோடாக இல்லை அண்ணே.
பல மைல் அகலத்துக்கு நசுங்கி மடிந்து கிடக்கிறது.
அதன்மேல்தான் ஆறாம் டிவிஷன், தமிழ்ப்பள்ளி,
மாரியம்மன் கோயில் தகரக் கொட்டகை,
வியாழக்கிழமை பாசார் மாலாம்,
நீங்கள் நிறுத்தியிருக்கும் இந்த லாரி.

"லாரியும் லாரியும் இடிச்சா
பத்து நிமிசத்துல போலீஸ் வந்துரும்" என்றார்.
இங்கே கோடி வருஷங்களாக இடித்தது.
யாரும் வரவில்லை. நான்தான் வந்திருக்கிறேன்,
பல்கலைக்கழக ரசீதும் பிளாஸ்டிக் பைகளுமாக.

ஒரே கருங்கல் மலையிலிருந்து இறங்கும் ஓடை.
தூலாங் அலசத் தெரிந்தவர் அவர்.
ஈயம் அலசியவர்கள் வேண்டாமென்று கொட்டும் கனத்த மணல்,
அமாங்,
எனக்கு அதுதான் வேண்டும்.
சிர்கான் அதில்தான் இருக்கும்;
கடுகைப் பத்தாக நறுக்க முடிந்தால்
ஒரு துண்டளவு.

லாட்ஜ் மேசையில் ஊசி முனையால் பொறுக்கினேன்.
விளக்கைப் பிடித்தபடி கேட்டார்:
"இதுக்கு என்னதான் தெரியும்?"

யுரேனியத்தை உள்ளே விடும், காரீயத்தை விடாது.
உறையும்போதே கதவைச் சாத்திவிடும்.
பிறகு யுரேனியம் மெல்ல மெல்லக் காரீயமாகும்.
ஆக, உள்ளே நாம் காணும் காரீயம்
வெளியிலிருந்து வந்ததில்லை.
அங்கேயே பிறந்தது.

விளக்கு கொஞ்சம் ஆடியது.

அவர் பர்ஸில் சிவப்பு அட்டை.
மூன்றாம் டிவிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்;
பேரேட்டை எழுபத்தொன்றில் வெள்ளம் கொண்டுபோனது.
பதிவு இலாகாவில் ஏழு தடவை கேட்டுவிட்டார்கள்:
இங்கே பிறந்ததற்கு என்ன அத்தாட்சி?

"இந்தப் பொடிகிட்ட பேப்பர் கேக்கமாட்டாங்களா?"
கேட்க மாட்டார்கள். லேசரால் சுடுவார்கள்.
"சுட்டதும் பதில் சொல்லிருவாங்கல்ல?
அது தேவலாம்."

நான்கு மாதம் கழித்து எண்கள் வந்தன.
விளிம்புக்கு இருபத்திரண்டு கோடி வருஷம்,
முட்டலில் உருகி உறைந்த வயது.
நடுக்கருவுக்கு நூற்று எழுபது கோடி.
ஹாஃப்னியமும் ஒத்துக்கொண்டது:
புதுக் குழம்பு இல்லை இது,
பழைய ஓடுதான் மறுபடி உருகியிருக்கிறது.

நாற்பத்திரண்டாம் பொடி மட்டும் சரியாக வரவில்லை.
விரிசல் வழியே காரீயம் கசிந்துவிட்டது;
இரண்டு யுரேனியக் கடிகாரமும் வெவ்வேறு மணி காட்டின.
தூக்கிப் போடு என்றான் கிம் செங்.
போடவில்லை.
அதைப் போலவே கசிந்த ஐந்தாறைப் பக்கத்தில் வைத்து
ஒரு கோடிழுத்து மேலே நீட்டினால்
பிறந்த வயதில் போய் நிற்கிறது.

படத்தை அனுப்பினேன்:
இதோ, நீங்கள் கேட்ட கோடு.

குரல் பதிவில் பதில் வந்தது.
பின்னால் யாரோ மலாயில் எண் கூப்பிடும் சத்தம்.
"அப்புறம் பாக்குறேம்மா.
ஆயிரத்து நாப்பது ஓடுது.
என்னோடது நாப்பத்தி மூணு."